சோதனை ரயிலை நிறுத்திய காலை

ரயில் பாதையின் வேகத்தைக் கூட்டும் பிரிவில் நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். வளைவு, ஜல்லி, சிக்னல் பற்றியெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. வகுப்பில் யாரும் சொல்லாத ஒரு காலைப் பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒன்று வராமல் போகாது.

அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டை வரையிலான பாதையில் கூட்டம் எப்போதும் அதிகம். பெங்களூரு போகிறவர்கள், சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள், கோயம்புத்தூர் வண்டிகள் என்று எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. வேகத்தைக் கூட்டப் பணம் ஒதுக்கினார்கள். ஆனால் மொத்தமாகத் தரவில்லை. முதல் தவணையில் செய்த வேலையைச் சோதனை ஓட்டத்தில் காட்ட வேண்டும். அது சரியாக நடந்தால்தான் அடுத்த தவணை. காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரைக்குமான வேலை என் பொறுப்பில் இருந்தது.

பச்சகுப்பம் தாண்டி ஆம்பூருக்குப் போகும் வழியில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊர் ஒரு பக்கம், தார் ரோடு மறுபக்கம். மாதனூர்ப் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் ஷூ கம்பெனி பஸ் அந்த ரோட்டில் வந்து நிற்கும். ஊர்ப் பெண்கள் தினமும் காலையில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அந்த பஸ்ஸில் ஏறுவார்கள். அது சட்டப்படி வழி இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. கேட் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ச் சுற்றி வந்தால் பஸ் போய்விட்டிருக்கும். குடியாத்தத்துக்காரியான எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அக்காவும் கல்யாணத்துக்கு முன்பு இப்படித்தான் தண்டவாளம் தாண்டி கம்பெனி பஸ் பிடித்தாள்.

அதனால் மதிப்பீடு தயாரித்தபோது, இருபுறமும் தடுப்பு வேலி என்று எழுதிய கையோடு அந்த ஊரில் ஒரு சுரங்கப்பாதையும் எழுதினேன். நிதிப் பிரிவுக் கூட்டத்தில் அந்த வரி வந்ததும் அதிகாரி நிறுத்தினார்.

"இது எந்தத் தலைப்புல வருதும்மா?"

"பொதுமக்கள் வசதி, சார்."

"இதனால வண்டி எவ்வளவு வேகமா போகும்?"

"வண்டி வேகமா போறதாலதான் சார் இது வேணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கையிலிருந்த பணம் மேஜையில் இருந்த வேலைகளுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். "வேகத்துக்கு வந்த பணம் இது. வசதி எல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லி அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். வேலி தங்கியது. சுரங்கப்பாதை போனது.

வேலிக்குத் தூண் நட ஆரம்பித்த அன்றே ஊர்ப் பெண்கள் வந்து கேட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவள் கஸ்தூரி. ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் வேலை. ஒல்லியான உடம்பு, பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும்.

"மேடம், இத்த மூடிட்டா நாங்க இன்னா பண்றது?"

"கேட் வழியா வரலாம்."

"அவ்ளோ தூரம் சுத்திக்கினு வந்தா பஸ்ஸு நிக்குமா? லேட்டா போனா சூப்பர்வைசர் அரை நாள் கட்டு பண்றான். நீங்க வேலி போடுங்க, வேணாம்னு சொல்லல. எங்களுக்கு ஒரு வழிய வெச்சிட்டுப் போடுங்க."

அந்த ஊருக்கு நேராக மட்டும் ஒரு இடைவெளி விட்டுவிட்டு மற்ற இடங்களில் வேலியை முடித்தேன். அது எத்தனை நாளைக்கு ஓடும் என்று எனக்கே தெரியாது.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்ததும் தலைமைப் பொறியாளர் போன் செய்தார். திட்டம் முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது. மேலிருந்து எத்தனை பேர் அவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அங்க ஒரு கேப் விட்டிருக்கீங்களாமே?"

"ஆமா சார். ஜனங்க தாண்டற இடம்."

"கேப் இருந்தா பாதுகாப்பு ஆய்வுக்கு வர்றவர் அந்த இடத்துல ஸ்பீடு குடுக்க மாட்டார். நம்ம பாதையிலேயே நேரா, நல்லா இருக்கற இடம் அது. அங்க வண்டி வேகம் எடுக்கலன்னா வேற எங்க எடுக்கும்? மூடிடுங்க. ஒரு நாள் சமாளிங்க, மத்தத அப்புறம் பேசலாம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த தவணை வந்தால்தான் அந்தச் சுரங்கப்பாதையைப் பற்றி மறுபடி வாயைத் திறக்க முடியும் என்பதும் உண்மைதான். சரி என்றேன். பிறகு ஷூ கம்பெனியின் நிர்வாக அலுவலகத்துக்கே நேரில் போனேன். சோதனை நாளில் மட்டும் பஸ் ஆம்பூர் பாலத்தடியில் திரும்பி, ஊர்ப் பக்கமாகவே வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளட்டும் என்று கேட்டேன். அங்கிருந்த மேனேஜர் மரியாதையாகப் பேசினார், ஒத்துக்கொண்டார். கஸ்தூரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"பஸ்ஸு இந்தப் பக்கம் வந்தா எங்களுக்கு இன்னா மேடம், ஜாலிதான்."

முந்தின நாள் சாயங்காலம் இரும்புச் சட்டங்களை வைத்து இடைவெளியை மூடினோம்.

மறுநாள் காலை நான் ஆம்பூர் ஸ்டேஷனில் இருந்திருக்க வேண்டும். சோதனை வண்டி அங்கே வந்து நிற்கும்போது வரவேற்கச் சொல்லியிருந்தார்கள். ஏனோ மனசு கேட்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். வண்டி வரும் திசையில், போதுமான தூரம் தள்ளி, ஏழுமலை என்ற தண்டவாளப் பராமரிப்பு ஊழியரைக் கொடிகளோடும் வாக்கி டாக்கியோடும் நிறுத்தியிருந்தேன். அது வழக்கமான ஏற்பாடுதான். வேலியருகே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

பெண்கள் டிபன் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஊர்ப் பக்கம் வந்து நின்றார்கள். பஸ் வந்தது. தார் ரோட்டில் வந்தது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அன்றைக்கு டிரைவர் புது ஆள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. எப்போதும் நிற்கிற இடத்தில் நிறுத்தி ஹாரன் அடித்தான்.

நான் மேனேஜருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இந்தப் பக்கமிருந்து கையை ஆட்டிக் கத்திப் பார்த்தேன். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தான், மறுபடியும் ஹாரன் அடித்தான்.

"மேடம், இன்னா இது? இந்தப் பக்கம் வரும்னு சொன்னீங்களே" என்றாள் கஸ்தூரி.

"சொல்லியிருந்தேன்மா. கொஞ்சம் பொறுங்க, பேசிட்டு இருக்கேன்."

"பொறுத்தா அவன் போய்ட்டே இருப்பான் மேடம்."

அப்போது இரண்டு லைன்களில் எங்கள் பக்கத்து லைனில் ஒரு சரக்கு ரயில் வந்தது. மெதுவாக, நீளமாக, மண்ணே அதிரும் சத்தத்தோடு ஊர்ந்தது. அதன் பெட்டிகளுக்கு இடையில் பஸ் தெரிந்து தெரிந்து மறைந்தது. என் பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாலைந்து பெண்கள் ஒரு சட்டத்தை நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வேலியருகே நின்ற என் ஆட்கள் தடுக்கப் பார்த்தார்கள், ஆனால் பெண்கள்மேல் கைவைக்கத் தயங்கினார்கள். அது சரிதான். இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே வந்து, ஜல்லி மேட்டின் ஓரத்தில், ஓடுகிற சரக்கு ரயிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கடைசிப் பெட்டி போனதும் ஓடிவிட வேண்டும் என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வருஷக் கணக்காக அவர்கள் அந்த இடத்தில் ரயிலைப் பார்த்திருக்கிறார்கள். தூரத்தில் ரயிலின் முகம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் தாண்டலாம், இவ்வளவு தெரிந்தால் நிற்க வேண்டும் என்று அவர்கள் கண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பழைய வேகத்தில் பழகியது. இன்றைக்கு அந்தப் பக்கத்து லைனில் வரப்போகிற வண்டி அவர்கள் வாழ்நாளில் பார்க்காத வேகத்தில் வரும். சரக்கு ரயில் அதை மறைத்திருக்கும், அதன் சத்தத்தையும் விழுங்கியிருக்கும்.

முந்தைய ஸ்டேஷனின் மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"ஸ்பெஷல் எங்க வருது?"

"இப்பதான் தாண்டிச்சு மேடம். செம ஸ்பீடு" என்றார் அவர், சந்தோஷமாக.

சிக்னலில் நிறுத்துகிற வாய்ப்பு போய்விட்டது. இனி ஏழுமலைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அப்போது தண்டவாளத்தின்மேல் யாரும் இல்லை. வேலிக்கு உள்ளே இரண்டு பேர், வெளியே ஒரு கூட்டம், அவ்வளவுதான். ஒருவேளை அவர்கள் நின்றிருக்கலாம். ஒருவேளை சரக்கு ரயில் கடந்து முடிவதற்குள் சோதனை வண்டி போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால், ஒன்றுமே நடக்காத இடத்தில் நான் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் வண்டியை நிறுத்தி, அடுத்த தவணையைக் கெடுத்தவளாகி இருப்பேன். எனக்கு இது எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றியது. நன்றாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த இரண்டு பெண்களின் பாதங்களைப் பார்த்தேன். முன்னங்காலில் எடையைப் போட்டு நின்றார்கள். அது போதுமாக இருந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"ஏழுமலை, சிவப்பு காட்டுங்க. வண்டி நிக்கணும்."

வாக்கி டாக்கியில் ஏழுமலையின் குரல் வந்தது.

"மேடம், ஸ்பெஷல் வண்டி மேடம். உள்ள பெரிய ஆபீசருங்கல்லாம் இருக்காங்க."

"தெரியும். காட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரி மேடம்."

பிறகு சோதனை வண்டியின் டிரைவரையும் அதே வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, பாதையில் ஆபத்து, நிறுத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பதில் வந்திருந்தாலும் காதில் விழவில்லை, சரக்கு ரயிலின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அந்த வண்டி நிற்கிறதா வருகிறதா என்று தெரியாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஓடிப்போய் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பலமாகப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது. "வலிக்குது மேடம், வுடுங்க" என்றாள் அவள்.

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போனது. பாதை திறந்தது. தூரத்தில், அந்தப் பக்கத்து லைனில், சோதனை வண்டி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அது நகர்வதுபோலவும் இருந்தது, நிற்பதுபோலவும் இருந்தது. ஒரு தூணை அடையாளம் வைத்துப் பார்த்தேன். நின்றிருந்தது.

கஸ்தூரி என் பக்கத்தில் வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கி வண்டி அங்கயே நிக்குதே மேடம். சிக்னல் இல்லியா?"

வேலியருகே நின்ற ஆட்களைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் மீதிச் சட்டங்களையும் கழற்றச் சொன்னேன். பெண்களை வரிசையாக, ஒருத்தரையும் விடாமல், நானே முன்னால் நடந்து தாண்ட வைத்தேன். எல்லோரும் ஏறியதும் பஸ் கிளம்பியது. கடைசியாக ஏறிய கஸ்தூரி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அவர்களுக்குத் தெரிந்து அது இன்னொரு காலை, பஸ்ஸைத் தவறவிடாத ஒரு காலை.

பிறகு அதிகாரிகள் தண்டவாளத்தோரமாக நடந்து வந்தார்கள். முன்னால் தலைமைப் பொறியாளர். அவருக்குப் பின்னால், பாதுகாப்பை ஆய்வு செய்ய வந்திருந்த பெரியவர். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நிதானமாக வந்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார்.

"நான்தான் சார்."

"தண்டவாளத்துல ஆள் இருந்தாங்களா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

தலைமைப் பொறியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தொல்லை அத்தோடு தீர்ந்திருக்கும். ஆள் இருந்தால் வண்டியை நிறுத்தியதை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்பதற்கு அந்தப் பெண்களும் அங்கே இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அது அந்தப் பெண்கள் செய்த குற்றமாக மட்டும் எழுதப்படும். இரண்டு போலீஸ்காரரைப் போட்டு, வேலியை இன்னும் உயரமாக்கி, கதையை முடித்துவிடுவார்கள்.

"இல்ல சார். நான் நிறுத்தச் சொன்னப்போ தண்டவாளத்துல யாரும் இல்ல. வேலிக்கு உள்ள ரெண்டு பேர் தாண்டறதுக்கு ரெடியா நின்னாங்க. முன்னால சரக்கு ரயில் போயிட்டிருந்தது. நம்ம வண்டி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்போ ஒரு யூகத்துல நிறுத்தியிருக்கீங்க" என்றார் தலைமைப் பொறியாளர். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமா சார்."

பெரியவர் கழற்றிப் போட்டிருந்த சட்டங்களைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நாளைக்கி எப்படிப் போவாங்க?"

"இதே வழியாத்தான் சார்."

"இன்னைக்கி நான் இந்த இடத்துல வேகத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"நாளைக்கும் இதே வழியாத்தான் போவாங்க சார்."

வண்டி பழைய வேகத்தில் ஆம்பூருக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெரியவர் அறிக்கையில் எழுதியது சுருக்கமானது. அந்த இடத்தில் ஜனங்கள் கடக்க ஏற்பாடு ஆகும்வரை வேகம் கூட்டக் கூடாது. அந்த ஒரு இடத்துக்காக வண்டிகள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, தாண்டியபின் மறுபடி ஏற்ற வேண்டும். அந்த நல்ல நேரான பாதை முழுவதிலும் செலவழித்த பணத்தின் பலன் அதிலேயே போய்விட்டது. அடுத்த தவணையையும் நிறுத்தி வைத்தார்கள். அலுவலகத்தில் என்னோடு பேசுவதைப் பலர் குறைத்துக்கொண்டார்கள். தலைமைப் பொறியாளர் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதினார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அதிலும் யூகம் என்றுதான் எழுதினேன்.

பிறகு ஒரு நாள் நிதிப் பிரிவு அதிகாரியே போன் செய்தார். அந்த வரியை அடித்தவர்தான்.

"அந்த சப்வே வரைபடம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு சார்."

"அதையே திருப்பி அனுப்புங்க. வசதின்னு எழுதாதீங்க. வேகத் தடையை நீக்கற பணின்னு போடுங்க. நான் பாத்துக்கறேன்."

அதே ஊர், அதே வரைபடம், அதே பெண்கள். தலைப்பை மட்டும் மாற்றினேன். தடங்கல் இல்லாமல் ஒப்புதல் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பெண்கள் பத்திரமாகத் தாண்டக் கேட்டபோது கிடைக்காத பணம், ரயில் தாமதமாகிறது என்றதும் கிடைத்தது. இதை வைத்து யாரையும் திட்டிப் பயனில்லை. நீங்கள் மதிப்பீடு எழுதும்போது நினைவில் வையுங்கள். வேகத்தைக் கூட்டினால் எங்கே யாருக்கு வழி அடைபடுகிறதோ, அவர்களுக்கான வழியை வேகத்தின் செலவாகவே எழுதுங்கள். தனித் தலைப்பில் எழுதினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். நான் முதல் முறையே அப்படி எழுதியிருந்தால் என்று கேட்காதீர்கள். அப்போது அந்தக் கணக்கை எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒப்புதல் வந்த கையோடு எனக்கு மாற்றல் வந்தது. திட்டத்திலிருந்து எடுத்து அரக்கோணத்தில் பராமரிப்புப் பிரிவில் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அங்கிருந்தேதான் ஓய்வு பெற்றேன். தலைமைப் பொறியாளர் என் பிரிவு உபசாரத்துக்கு வந்திருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க அன்னைக்கி நிறுத்தாம இருந்திருந்தா நமக்கு எல்லாமே நேரத்துக்கு முடிஞ்சிருக்கும்" என்றார். "முடிஞ்சிருக்கலாம் சார்" என்றேன். அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

சுரங்கப்பாதை திறந்த செய்தியைக் கஸ்தூரிதான் போனில் சொன்னாள். "வந்து பாருங்க மேடம், லைட்டெல்லாம் போட்டுக்கிறாங்க. மழை பேஞ்சா மட்டும் தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா நிக்கிது, பேஜாரா கீது" என்றாள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நானே மதிப்பீட்டில் எழுதியிருந்தேன். அது எங்கே போயிற்று என்று விசாரித்து, பழைய சக ஊழியர்கள் பின்னால் அலைந்து, அதைப் பொருத்த வைப்பதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன். காலை நேரம். பெண்கள் டிபன் பையோடு சுரங்கப்பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது, நடக்கலாம். கஸ்தூரி என்னைப் பார்த்ததும் நின்று, மருமகள் வந்திருக்கிறாள், அவளும் அதே கம்பெனியில்தான் என்று பேசத் தொடங்கினாள். அப்போது தலைக்கு மேலே வண்டி வந்தது. நான் வேலை பார்த்த பாதையில், நாங்கள் எழுதிய முழு வேகத்தில் ஒரு வண்டி போவதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். சுவர் அதிர்ந்தது. நான் பேச்சை விட்டுவிட்டு மேலே பார்த்தேன்.

பெண்களில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி கைபேசியில் பேசிக்கொண்டே போனாள். ஒருத்தி பூவைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். "மேடம், பஸ்ஸு வந்துட்ச்சி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி அந்தப் பக்கத்துப் படியில் ஏறிப் போனாள்.